கந்தப்பளைக் குளிரும் எட்டுக் குட்டிகளும்

ஜனவரி 6

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் அண்ணனும் நலந்தானே? மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்கு நீ எவ்வளவு ஏசினாலும் தகும். பெரியக்காவின் முழங்கால் பரவாயில்லை. சின்னவள் கொழும்பிலேயே தங்கிவிட்டாள்.

உன் கடிதத்தை நேற்றிரவு இரண்டு தடவை வாசித்தேன். பங்களாக்காரர் மார்ச்சில் திரும்பும்வரை நீங்கள் இருவரும் அங்கே காவல் இருப்பது நல்லதாகப் போயிற்று. கீழே மரக்கறித் தோட்டக்காரரின் அல்சேஷன் நாய் இந்த மாதம் மறுபடி குட்டி போடப்போகிறது என்றும், போன தடவை போட்ட எட்டுக் குட்டியில் ஐந்து மூன்றாம் நாளுக்குள் செத்துப்போனது என்றும் எழுதியிருக்கிறாய். தாய்ப்பால் சரியில்லை என்று அவர் சொல்கிறாராம். நான் அப்படி நினைக்கவில்லை, புள்ள. மிஞ்சிய மூன்றும் அதே பாலைக் குடித்துத்தானே கொழுகொழுவென்று வளர்ந்தன? அந்த ஐந்தும் குளிரில் செத்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறந்த நாய்க்குட்டிக்கு முதல் ஒரு வாரம் நடுங்கக்கூடத் தெரியாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கும் வலு அதற்கு வர இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். நீ இருக்கும் இடமோ நுவரெலியாப் பக்கம். ஜனவரி, பெப்ரவரியில் சில நாள் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். சீமெந்துத் தரையில் ஒரு சாக்கை விரித்துக் குட்டிகளைப் போட்டால், தாய் வெளியே போய் வரும் இருபது நிமிடத்தில் ஓரத்தில் கிடக்கும் குட்டி குளிர்ந்துவிடும். குளிர்ந்த குட்டி சப்பாது. சப்பாத குட்டிக்குப் பசியென்று நினைத்து மாட்டுப்பாலை வாயில் ஊற்றுவார்கள். உடம்பு 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்யாது. பால் வயிற்றில் தேங்கி, மேலே எதிர்த்து, நுரையீரலுக்குள் போய்விடும். பார்ப்பவர் கண்ணுக்கு, பால் குடித்த பிறகு செத்தது. பழி பாலின் மேல் விழுகிறது.

அதனால் முதல் விதி: விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காதே. முதலில் சூடேற்று. வெந்நீரில் முக்குவது, அடுப்பண்டை வைப்பது எதுவும் வேண்டாம்; தோல் மட்டும் சூடாகி உள்ளே குளிர்ந்தே கிடக்கும். குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டுவாயே, அதேபோல் உன் சட்டைக்குள் வைத்துக்கொள். ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். சூடு ஏறியதும் குட்டி தானாகத் தலையை ஆட்டி முலை தேடும். அப்போது தாயின் பின்காலுக்கு அருகிலுள்ள காம்பில் விடு. பால் அங்கேதான் அதிகம்.

இனி அண்ணனுக்கு. தச்சு வேலையில் கை வைத்து எத்தனை நாளாகிறது என்று புலம்பினாராமே, வேலை வந்துவிட்டது. ஐந்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பெட்டி. சுவர் ஒன்றரை அடி உயரம். முன்பக்கம் கழற்றிப் போடக்கூடிய பலகைகள். தாய் தாண்டிப் போகவேண்டும், குட்டி தாண்டக்கூடாது. அடிப்பலகை தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே இருக்கட்டும், ஈரச் சீமெந்து சூட்டை உறிஞ்சிவிடும். சுவரைச் சுற்றி உள்பக்கமாக, தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில், சுவரை விட்டு நாலு அங்குலம் தள்ளி ஒரு கம்பு ஓடவேண்டும். பிவிசி குழாய் போதும். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது முதுகுக்குப் பின்னால் மாட்டிய குட்டி நசுங்காமல் அந்த இடைவெளியில் தப்பும். இந்தக் கம்பு இல்லாத பெட்டி வெறும் பலகைதான். பெயின்ற் வேண்டாம்.

விரிப்பு விஷயத்தில் தோட்டக்காரரோடு நீ கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உரச்சாக்கும் சணல்சாக்கும் ஆகாது. நூல் பிரிந்து காலில் சுற்றும். மரத்தூள் மூக்கில் ஏறும். வெறும் பத்திரிகைத் தாள் வழுக்கும். கால் ஊன்ற முடியாத குட்டியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்துவிடும். கீழே தடித்த தாள், மேலே பழைய கம்பளித் துணியை இழுத்து ஓரங்களில் செருகிவிடு. சுருக்கம் இருந்தால் குட்டி அதற்குள் புகுந்து தாயின் அடியில் மாட்டும்.

வெளிச்சம் தராத ஹீற்றர் பல்பு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கோழிக்குஞ்சுக்குப் போடும் சிவப்பு பல்பு, 150 வாட். ஒரே ஒரு மூலைக்கு மேல் மட்டும். பெட்டி முழுவதும் சூடானால் தாய் மூச்சிரைத்து வெளியே போய்ப் படுத்துக்கொள்ளும். மின்வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிடச் சொல், தாய் எழும்பினாலும் முகம் தட்டாத உயரத்தில். தெர்மோமீற்றரைச் சுவரில் மாட்டுவதில் பயனில்லை, குட்டி கிடக்கும் மட்டத்தில் வைக்கவேண்டும். முதல் வாரம் அந்த மூலையில் 29 முதல் 32 பாகை. அதன்பிறகு பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, நாலாம் வாரத்தில் 21 முதல் 24க்குக் கொண்டுவா.

தெர்மோமீற்றரைவிடக் குட்டிகளே நன்றாகச் சொல்லும். குவியலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஆளுக்கொரு பக்கம் விலகி வாயைத் திறந்து கிடந்தால் சூடு கூடிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் படுத்து, தூக்கத்தில் காதும் காலும் வெடுக் வெடுக்கென்று துடித்தால் எல்லாம் சரி. அந்தத் துடிப்பைப் பார்த்து வலிப்பு என்று பயந்துவிடாதே. துடிக்காமல் தொய்ந்து தூங்கும் குட்டியைத்தான் கையில் எடுக்கவேண்டும்.

கரண்ட் போனால் போத்தலில் சுடுநீர் நிரப்பித் துவாயில் சுற்றி வை. ஒரு மணிக்கொரு தடவை தொட்டுப் பார். ஆறிய போத்தல் குட்டியின் சூட்டையே இழுத்துக்கொள்ளும், அதை வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல். ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: கதவை அடைத்துக்கொண்டு கரிச்சட்டி வைக்க விடாதே. மலையில் காலங்காலமாகச் செய்கிறார்கள்தான். ஆனால் அந்தக் கரி வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. குட்டியும் தாயும் காவலுக்கு இருக்கும் நீயும் சேர்ந்தே போவீர்கள்.

நவம்பர் 22இல் இணை சேர்த்ததாக எழுதியிருந்தாய். 63 நாள் என்றால் ஜனவரி 24. விந்து உள்ளே பல நாள் உயிரோடிருக்கும், இணை சேர்த்த நாளும் கரு நின்ற நாளும் ஒன்றல்ல. அதனால் 19 முதல் 29 வரை எப்போதும் ஆகலாம். 17ஆம் திகதியிலிருந்து காலை மாலை இரண்டு வேளையும் ஆசனவாயில் சூடு பார்த்து எழுது. வழக்கமாக 101 பரனைற் அளவில் இருக்கும். 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நோவு தொடங்கும். இறங்கி ஒரு நாள் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் வைத்தியரைக் கூப்பிடு.

பிள்ளைப்பேறு பார்த்துப் பழகிய உனக்குப் பிரசவத்தைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் நாயில் வேறான சில இருக்கின்றன. முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் வந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வண்டி. குட்டி வந்த பிறகு பச்சை வந்தால் பயமில்லை. பலமாக முக்கி அரை மணி நேரம் கடந்தும் குட்டி வராவிட்டால், அல்லது உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரம் சும்மா கிடந்தால், காத்திராதே. நஞ்சுக்கொடிகளைத் தாய் தின்னும் முன் எண்ணிக்கொள். குட்டியை உதறிச் சுழற்றி மூச்சு வரவைக்கும் பழைய வழக்கத்தைத் தோட்டக்காரர் காட்ட வருவார், தடுத்துவிடு. மூளைக்குள் இரத்தம் கசியும். துவாயால் முதுகைத் தேய்த்தாலே போதும். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டி அயடீன் தொடு.

இப்போது சொல்லப்போவதை விளையாட்டாக எடுக்காதே. நோவைக் கூட்டும் ஒக்சிரோசின் ஊசி உன் கைக்குப் பழகிய மருந்து. தாமதமானால் கை துறுதுறுக்கும், அவரும் எங்கிருந்தாவது ஓர் ஊசியை வாங்கி வைத்திருப்பார். போடாதே. குட்டி குறுக்கே மாட்டியிருக்கும்போது போட்டால் கருப்பை கிழியும், மிச்சக் குட்டிகளுக்கும் மூச்சு நிற்கும். வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்த வைத்தியர்தான் அதைத் தீர்மானிக்கலாம். பேராதனை கால்நடை வைத்தியசாலைக்கு ரம்பொடை வழியாக இறங்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். இரவில் ஓடச் சம்மதிக்கும் வான் ஒன்றை இப்போதே பேசி வைக்கச் சொல். அவசர நேரத்தில் தேடினால் கிடைக்காது.

பிறந்ததும் தராசு. உன் கிளினிக்கில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளை நிறுத்துக் கார்டில் கோடு போட்டிருப்பாய், அதே வேலைதான், கிராம் காட்டும் சமையலறைத் தராசில். எல்லாம் கறுப்பாக ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்குத் தோளில், ஒன்றுக்கு இடுப்பில் என்று கொஞ்சம் மயிரைக் கத்தரித்து அடையாளம் வை. கழுத்தில் நூல் கட்டவேண்டாம், நாளுக்கு நாள் கழுத்து பெருக்கும். முதல் நாள் பத்தில் ஒரு பங்குவரை குறையலாம். இரண்டாம் நாளிலிருந்து ஏறவேண்டும், பத்துப் பன்னிரண்டு நாளில் பிறந்த எடை இரட்டிக்கவேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை ஏறாத குட்டிக்கு, அழாவிட்டாலும் கத்தாவிட்டாலும், ஏதோ பிழை. கண்ணுக்குத் தெரிய ஒரு நாள் முன்பே தராசு சொல்லிவிடும். அந்த ஒரு நாளில்தான் காப்பாற்றலாம்.

தோட்டக்காரருக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பகல் முழுக்கக் கரட் பாத்தியில் குனிந்து நின்றவர், மாலையில் லொறிக்கு மூட்டை ஏற்றியவர், இரவில் இரண்டு மணிக்கொரு தடவை எழும்ப முடியுமா? உங்களுக்கு அந்த இரவுகள் இருக்கின்றன. அவரிடம் இல்லாதது அதுதான்.

பங்களாவில் உன் பொறுப்பில் இரண்டு நாய்கள் இருப்பதை மறந்துவிடாதே. வயிற்றோட்டம் வைத்து நாய்களைக் கொல்லும் பார்வோக் கிருமி சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வரும், தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். கீழே போக ஒரு செருப்பு, மேலே ஒரு செருப்பு. முதலில் அழுக்கைக் கழுவி, பிறகு மூன்று லீற்றர் தண்ணீருக்கு 100 மில்லிலீற்றர் பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிடு. அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. குளிர் என்று இரக்கப்பட்டுத் தாயைப் பங்களா கராஜுக்கு ஏற்றவேண்டாம். பங்களாக்காரரிடம் கேட்டு எழுத்தில் பதில் வந்தால் மட்டும். பல்பு ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும், அந்தக் காசை யார் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்.

இரண்டு, நாலு, ஆறு, எட்டு வாரங்களில் குடற்பூச்சிக்கு மருந்து, தாய்க்கும் சேர்த்து. முப்பது நாளிலேயே குட்டியைத் தூக்கிப் போக வரும் தரகருக்கு எட்டு வாரம் முடியாமல் கொடுக்கவேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல். உடன்பிறப்போடு கடித்து விளையாடித்தான் குட்டி கடியின் அளவைப் படிக்கிறது. சீக்கிரம் பிரித்தால் வாங்கியவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் அதைப் படிக்கும்.

வியாழக்கிழமைக் காலை பஸ்ஸில் ஒரு பார்சல் வருகிறது. தராசு, இரண்டு தெர்மோமீற்றர், அயடீன், கட்டம் போட்ட கொப்பி ஒன்று. தராசின் பற்றரி இறங்கியிருக்கலாம், மாற்றிக்கொள். முதல் இரவின் எடைகளை விடிந்ததும் எனக்கு அனுப்பு, எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.

அண்ணனுக்கு என் அன்பு.

உன் தோழி