பதவி உயர்வு குடுத்தீங்க, பழைய வேலைய யாருங்க பாக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில பல வருசமா மெர்ச்சண்டைசரா இருந்துட்டு இப்பதான் மெர்ச்சண்டைசிங் மேனேஜரா ஆயிருக்கேன். பொம்பளைங்க இந்த சீட்டுக்கு வர்றது எங்க பக்கம் இன்னும் அபூர்வம்தான், அதனால வீட்லயும் ஆபீஸ்லயும் எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும்தான். ஆனா இந்த சீட்டுல உக்காந்ததுக்கு அப்புறம் பாக்கற ஒரு விசயத்த எழுதியே ஆகணும்னு தோணுது. இது என் ஒருத்தி பிரச்சினை இல்லைங்க, லைன் சூப்பர்வைசர்ல இருந்து ஃபேக்டரி மேனேஜர் வரைக்கும் இந்த ஊர்ல புதுசா பொறுப்புக்கு வர்ற எல்லாருக்கும் இதேதான் நடக்குது.

பதவி உயர்வுன்னா என்ன நடக்குது? விசிட்டிங் கார்டு மாறுது, சம்பளம் கொஞ்சம் ஏறுது, கையில இருந்த வேலை மட்டும் ஒண்ணு கூட நகரமாட்டேங்குது. எங்க பொழப்பு தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒரு மெர்ச்சண்டைசர்னா பையர், அதாவது ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு கம்பெனி, அனுப்பற டெக் பேக்க (டிசைன், அளவு விவரம்) பாத்து காஸ்டிங் (விலைக் கணக்கு) போடறதுல ஆரம்பிச்சு, நூல் புக்கிங், நிட்டிங், டையிங், லேப் டிப் (சாயம் போட்ட சின்ன மாதிரித் துணி) அப்ரூவல், ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தின மாதிரி), கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்னு போயி தூத்துக்குடில கப்பல் ஏர்ற வரைக்கும் ஒரு ஆர்டர் பின்னாடியே ஓடணும். அதுவே ஒரு முழு ஆள் வேலை. இப்ப அது அப்படியே இருக்க, டீம்ல இருக்கற அத்தன பேரோட ஆர்டர், லீவு, சண்டை, டையிங்காரர் லேட் பண்ணினா பஞ்சாயத்து, முதலாளி ரிவ்யூ மீட்டிங் எல்லாம் மேல வந்து உக்காந்துக்குது. "பழைய பையர் உங்க கூட பழகிட்டாங்க மேடம், நீங்களே பாத்துக்கங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சர்றாங்க.

இதுல நேரம்னு ஒண்ணு இருக்குதுங்க. எங்க ஊர்ல ஒன்னரை ஷிஃப்ட்ங்கறது சகஜம், காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டு மணிக்குதான் வெளிய வருவாங்க. தைக்கற ஆளுங்களுக்காவது ஷிஃப்ட் முடிஞ்சா முடிஞ்சுது. எங்களுக்கு சாயந்திரம் அஞ்சு மணின்னா ஜெர்மனில மத்தியானம், நமக்கு ஏழு ஏழரை ஆகறப்பதான் நியூயார்க்ல ஆபீஸே திறக்கறாங்க. ஆக நாங்க வீட்டுக்கு கிளம்பற நேரம்தான் பையர் மெயில் வந்து விழற நேரம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதுக்கு அப்புறம் இருந்த டென்சன் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஆர்டர் கை நழுவிருமோங்கற பயத்துல எந்த மெயிலுக்கும் காலைல பாத்துக்கலாம்னு சொல்ற தைரியம் யாருக்கும் வரல.

ஒரு நாள் நடந்தத சொல்றேன். ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பையனுக்கு சாதம் போட்டுட்டு இருக்கேன், டீம்ல இருக்கற ஒரு புள்ள டையிங் யூனிட்ல இருந்து கூப்புடறா. மிஷின்ல துணி ஓடிட்டு இருக்கு, அப்ரூவ் ஆன லேப் டிப்போட வெச்சு பாத்தா ஷேட் லேசா சிவப்படிக்குது, டாப்பிங் (மேல கொஞ்சம் சாயம் சேத்து சரி பண்றது) போடறதா இல்ல இப்படியே இறக்கறதான்னு டையிங் மாஸ்டர் கேக்கறாரு மேடம்னா. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பறா, போன் ஸ்க்ரீன்ல ஷேட் பாத்து என்ன சொல்ல முடியும்? மிஷின காலைல வரைக்கும் நிறுத்தி வெக்கவும் முடியாது. அந்தப் புள்ள ரொம்ப கெட்டிக்காரி, கலர் ஒத்துப் பாக்கற லைட் பாக்ஸ்ல வெச்சு அவ கண்ணால பாத்துட்டுதான் பேசறா, என்ன செய்யணும்னும் அவளுக்கு நல்லாவே தெரியும். ஆனா முடிவு எடுக்கற பவர் அவகிட்ட இல்ல. நாளைக்கு ஏதாவதுன்னா முதலாளி கேக்கற முதல் கேள்வி "மேடம் ஓகே சொன்னாங்களா"ங்கறதுதான். அப்ப அவ என்ன கூப்புடாம என்ன பண்ணுவா? அந்த மாதிரி போன்ல முக்கால்வாசி, கீழ இருக்கறவங்களுக்கு இது வரைக்கும் நீயே முடிவு எடுக்கலாம்னு எழுத்துல குடுத்துட்டா வரவே வராதுங்க. இதத்தான் நான் முக்கியமா சொல்ல வர்றேன். வேலை வீட்டுக்குள்ள வர்றதுக்கு காரணம் எங்களுக்கு டைம் மேனேஜ்மென்ட் தெரியாததுன்னு மோட்டிவேசன் கிளாஸ்ல சொல்லித் தர்றாங்க, யோகா பண்ணுங்க, அஞ்சு மணிக்கு எந்திரிங்கன்னு. யாரு எத முடிவு பண்ணலாம்ங்கறது மேல இருந்து வரவேண்டிய விசயம், அது நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சா சரியாகாது.

என்ன விட பாவம் லைன் சூப்பர்வைசருங்க. நேத்து வரைக்கும் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிட்டு இருந்த ஒரு பொண்ண, நல்லா தைக்கறா, பொறுப்பா இருக்கறான்னு திடீர்னு சூப்பர்வைசர் ஆக்கிடறாங்க. பக்கத்து மிஷின்ல உக்காந்து ஒண்ணா டிபன் சாப்ட அக்காங்ககிட்டயே இப்ப போயி "பீஸ் ஏன் குறையுது"ன்னு கேக்கணும். எப்படி கேக்கணும்னு யாரும் சொல்லித் தரல. ஹவர்லி புரொடக்சன் குறைஞ்சா மேனேஜர் சத்தம் போடறாரு, இந்தப் பக்கம் அக்காங்க மூஞ்ச திருப்பிக்கறாங்க. ஒரு ஆள் வரலைன்னா அந்த மிஷின்ல அவளே உக்காந்து தைக்கவும் செய்யணும். ஆறு மாசத்துல "எனக்கு டெய்லர் வேலையே போதும்"னு திரும்பிப் போன புள்ளைங்கள நான் பாத்திருக்கேன், எனக்கு மனசு கேக்கல. பங்களாதேஷ்ல ஐஎல்ஓவும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) உலக வங்கி குழுமத்தோட ஐஎஃப்சியும் சேர்ந்து கியர்னு ஒரு ட்ரெய்னிங் நடத்தறாங்க, தையல் வேலைல இருக்கற பொண்ணுங்கள சூப்பர்வைசர் ஆக்கறதுக்குன்னே, வேலையும் சொல்லித் தர்றாங்க, ஆளுங்ககிட்ட எப்படி பேசறதுன்னும் சொல்லித் தர்றாங்க. நமக்கு போட்டியா இருக்கற ஊர்ல அத செய்யறப்ப நம்மளால ஏன் முடியாது?

சட்டத்தையும் கொஞ்சம் பாக்கணும்ங்க. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடற மாதிரி தமிழ்நாடு சட்டசபைல ஒரு மசோதா நிறைவேத்தி, எதிர்ப்பு வந்ததும் மே தினத்துல வாபஸ் வாங்குனாங்க, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதுக்கு மேல பாத்தா ரெண்டு மடங்கு சம்பளம்ங்கறது 1948 தொழிற்சாலை சட்டத்துலயும் இருந்துச்சு, 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த புது லேபர் கோட்லயும் இருக்கு. ஆனா அதே புது கோட்ல தொழிலாளின்னா யாருன்னு சொல்ற எடத்துல நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்க கிடையாது, மேற்பார்வை வேலைல மாசம் 18,000 ரூபாய்க்கு மேல வாங்கறவங்களும் கிடையாது. அதாவது அந்த ஓவர்லாக் பொண்ணு சூப்பர்வைசர் ஆகி சம்பளம் அதத் தாண்டுன அன்னைக்கே தொழிலாளிங்கற அந்தக் கணக்குல இருந்து வெளிய போயிர்றா. ஓவர்டைம் கணக்கு பாத்தா சில மாசம் டெய்லரா இருந்தப்ப வந்தத விட கம்மியா கூட வருது.

எங்களுக்கு ஆர்டர் குடுக்கற பிரான்ஸ்ல 2017ல இருந்தே வேலை நேரத்துக்கு அப்புறம் மெயில் பாக்காம இருக்கற உரிமைய சட்டத்துல வெச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்ல வந்துருச்சு. நம்ம நாட்டுல சுப்ரியா சுலே எம்பி தனிநபர் மசோதாவா கொண்டு வந்தாங்க, சட்டமாகல. அங்க இருக்கற பையர் ஆறு மணிக்கு லேப்டாப்ப மூடிட்டு போறாரு, அவரு அனுப்பிட்டுப் போன மெயிலுக்கு ராத்திரி பத்து மணிக்கு நாங்க பதில் போட்டுட்டு இருக்கோம்.

அப்படி சட்டம் வர்ற வரைக்கும் நம்ம முதலாளிங்க செய்யக்கூடியது நிறைய இருக்கு, பெருசா செலவும் ஆகாது. ஒருத்தர மேல ஏத்தறப்ப அவங்க பழைய வேலைக்கு ஆள் யாருன்னு அதே லெட்டர்ல எழுதிக் குடுங்க. கைமாத்தி விட ரெண்டு மூணு மாசம் டைம் குடுங்க. ராத்திரி பையர் காலுக்கு ஒரே ஆள கட்டிப் போடாம டீமுக்குள்ள முறை வெச்சு மாத்தி விடுங்க, ராத்திரி இருந்தவங்க காலைல லேட்டா வரட்டும். எங்க டீம்ல இத கேட்டு வாங்கி இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம், ஒரு ஷிப்மெண்ட் கூட இதனால லேட் ஆகல. சாயம் ஷேட் மாதிரி விசயத்துல எது வரைக்கும் ஜூனியர் முடிவு எடுக்கலாம்னு எழுதித் தரச் சொல்லியும் கேட்டிருக்கேன், இன்னும் கையெழுத்து ஆகல.

வீட்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. பொம்பளைக்கு பதவி உயர்வு வந்தா ஸ்வீட் வாங்கி குடுக்கறீங்க, சந்தோசம். கூடவே சமையல்ல எது இனிமே யாரோடதுன்னும் அன்னைக்கே பேசிருங்க. என் வீட்டுக்காரர் காலை டிபன அவரு பொறுப்புன்னு எடுத்துக்கிட்டதுனாலதான் நான் இந்த லெட்டரே எழுத உக்கார முடிஞ்சுது.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பர்ல ஏற்றுமதி எத்தன கோடின்னு வருசா வருசம் போடறீங்க. உங்க நிருபர ஒரு தடவ ஷிஃப்ட் விடற நேரத்துக்கு அனுப்பி, புதுசா சூப்பர்வைசர் ஆன புள்ளைங்க நாலு பேர்கிட்ட பேசி எழுதச் சொல்லுங்க. பேரு போட வேண்டாம்னு சொன்னா எல்லாம் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஒரு மெர்ச்சண்டைசிங் மேனேஜர்,
திருப்பூர்.