பாலி கிளம்புகிறவர்களுக்கு

வணக்கம். அடுத்த மாதம் பாலி போகிறவர்கள் கடற்கரையிலேயே எல்லா நாளையும் கழித்துவிடாதீர்கள். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது கெமலான் இசைதான். ஜோடி ஜோடியான வெண்கலக் கருவிகளை வேண்டுமென்றே சற்றுச் சுருதி விலக்கி வைக்கிறார்கள். சேர்த்துத் தட்டும்போது ஒலி அலையலையாக அதிர்கிறது. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இசை. உபுத் அரண்மனையில் மாலையில் கேட்கலாம். முன்வரிசை வேண்டுமென்றால் சீக்கிரம் போங்கள்.

மரச்சிற்பத்துக்கு மாஸ் கிராமம், வெள்ளி வேலைக்கு செலுக் கிராமம். அப்புறம், தெங்கனான் கிராமத்துக்குக் கட்டாயம் அரை நாள் ஒதுக்குங்கள். பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டையும் முன்பே கட்டிச் சாயமேற்றி நெய்யும் கெரிங்சிங் துணி அங்கேதான், குஜராத்தின் படோலா பட்டுச்சேலை போல. ஒரு துணிக்கு வருடக்கணக்கில்கூட ஆகுமாம். விலை அதிகம்தான், ஆனாலும் அடித்துப் பேரம் பேசாதீர்கள்.