முதல் நாளே வாங்கத் துடிக்கும் திருகோணமலை கேம் ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி தங்கச்சிமாருக்கும், திருகோணமலை டவுனிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கொன்சோல் என்ற கேம் பெட்டிகளை எடுத்து விற்கிற கடைக்கார அண்ணாமாருக்கும்,

புதுக் கொன்சோல் ஒன்றின் விலை வெளியானால் போதும், அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஒரு பக்கம் "பகல் கொள்ளை" என்று கத்தும். மற்றப் பக்கம் "காசில்லாட்டி கதைக்காதே" என்று திருப்பிக் கத்தும். 2025 ஏப்ரலில் ஜப்பானின் நின்டெண்டோ கம்பனியுடைய சுவிட்ச் 2 கொன்சோலின் விலை வந்தபோதும் இதே கூத்துத்தான். கொன்சோல் 450 டொலர், அதற்கான மரியோ கார்ட் வேர்ல்ட் கேம் 80 டொலர் என்றதும் நின்டெண்டோவின் நேரலையில் "விலையைக் குறை" என்ற வரி விடாமல் ஓடியது. விலை ஒரு சதமும் குறையவில்லை. ஜூன் 5 இல் கொன்சோல் வந்தது, நாலு நாளில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது.

80 டொலர் சின்னக் காசு என்று நான் சொல்ல வரவில்லை. டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 24,000 ரூபாய். ஆனால் எங்கள் ஊரில் ஆக்கள் நட்டப்படுவது பெரும்பாலும் பெட்டியில் ஒட்டியிருக்கிற விலையால் இல்லை. எந்த நாட்டுப் பெட்டி, கேம் வாங்க இணையத்தில் திறக்கிற கணக்கு எந்த நாட்டுடையது, கேம் அட்டைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாராமல் காசைக் கொடுப்பதால்தான். அறிமுக மேடையில் இவற்றை யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே கோபம் வருவதென்றால் இந்த இடங்களில் வரட்டும்.

முதலில் ஜப்பான் பெட்டி. சுவிட்ச் 2 ஜப்பானில் இரண்டு வகை: 2025 இல் வந்தபோது உள்நாட்டுக்கானது 49,980 யென், எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். மலிவான வகை யாரிடமாவது கைப்பொதியாக வந்தால், யென்னை 2 ரூபாய் என்று பிடித்தாலும் ஏறக்குறைய ஒரு இலட்சம்தான். அமெரிக்கப் பெட்டியோ 1,35,000. வித்தியாசத்தைப் பார்த்ததும் கை தானாகப் பொக்கற்றுக்குப் போகும். போகவிடாதீர்கள். அந்தப் பெட்டியின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும், ஜப்பான் நாட்டுக்கென்று பதிந்த நின்டெண்டோ கணக்கு மட்டும்தான் அதில் ஏறும். அப்டேட் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பிழை இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. சரி, ஜப்பான் கணக்கே திறப்போம் என்றால், 2025 மார்ச் 25 முதல் ஜப்பான் நின்டெண்டோ கடை வெளிநாட்டு வங்கி அட்டைகளை எடுப்பதில்லை. யென் முன்கட்டண அட்டை தேடி அலையவேண்டும். உள்நாட்டுக்கு மட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பதும் ஜப்பானிய எழுத்தில், எங்களில் யாருக்கு வாசிக்க வரும்? கடையிலேயே கரண்ட் கொடுத்துப் போடச் சொல்லி, செற்றிங்கில் மொழிப் பட்டியலைத் திறந்து ஆங்கிலம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

அடுத்தது கேம்-கீ கார்ட். சுவிட்ச் 2 கேம் பெட்டிகளில் சிலவற்றின் முன்பக்க அடியில் சாவி அடையாளத்தோடு ஒரு பட்டி இருக்கும். அதற்குள் வருகிற அட்டையில் கேம் இல்லை, திறக்கும் உரிமை மட்டும்தான். கேமை இன்டர்நெட்டில் இறக்கவேண்டும், அதற்குப் பிறகும் விளையாடும்போதெல்லாம் அட்டை உள்ளே இருக்கவேண்டும். சாவி எங்கள் கையில், வீடு அவர்களுடைய சேர்வரில். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இந்த வகை. சைபர்பங்க் 2077 அப்படியில்லை, 64 ஜிபி அட்டையில் முழுக் கேமும் இருக்கிறது. 50 ஜிபி கேம் ஒன்றை 20 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க ஐந்தரை மணித்தியாலம் ஆகும். பின்னேரத்தில் வேகம் 5 க்கு விழுந்தால் 22 மணித்தியாலம். வீட்டு ரவுட்டருக்கு மாதம் இவ்வளவு ஜிபி என்று கணக்குப் பார்த்து ரீலோட் போடுகிற ஆக்களுக்கு அந்த டேட்டாவும் கேமின் விலையில் சேர்த்திதான். டிஸ்க் வாங்கினால் தப்பலாம் என்றும் இல்லை. 2022 இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி கேமின் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கொன்சோல்) டிஸ்க்கில் 100 எம்பி கூட இருக்கவில்லை.

இறக்கின கேமை வைக்க இடம் வேண்டும். சுவிட்ச் 2 இல் உள்ளே 256 ஜிபி. கூட்டவேண்டுமென்றால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டைதான் வேண்டும். பழைய சுவிட்சில் போட்ட சாதாரண அட்டையைச் செருகினால் பழைய படங்களையும் வீடியோக்களையும் எடுக்கலாம், கேம் அதில் ஏறாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையில் இருந்தால் நிச்சயம் வேலைக்காகாது. இரண்டு வரிசை இருந்தாலும் எக்ஸ்பிரஸ் என்ற சொல் அச்சிட்டிருக்கவேண்டும், ஏனென்றால் யூஎச்எஸ்-2 என்ற வேறு வகை அட்டைக்கும் இரண்டு வரிசைதான்.

இனிப் பிளேஸ்டேஷன். எங்கள் ஆக்கள் கூடுதலாகக் காசைத் தொலைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கே பிஎஸ்5 வைத்திருக்கிற எல்லோரும் அமெரிக்கா, சிங்கப்பூர், இங்கிலாந்து என்று ஏதோ ஒரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்துதான் விளையாடுகிறார்கள். திறந்த பிறகு அந்தக் கணக்கின் நாட்டை மாற்றவே முடியாது. அமெரிக்கக் கணக்குக்கு அமெரிக்கக் காசு அட்டைதான் ஏறும், சிங்கப்பூர் அட்டை ஏறாது. டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் எந்த பிஎஸ்5 இலும் ஓடும், அது உண்மை. ஆனால் அந்தக் கேமுக்குப் பின்னால் வாங்குகிற மேலதிகப் பகுதிகள் டிஸ்க்கின் பதிப்போடு ஒத்துப்போகவேண்டும். அமெரிக்கக் கணக்கில் வாங்கின பகுதி ஐரோப்பிய டிஸ்க்கில் ஒட்டாது, காசு போனது போனதுதான். இதைக் கண்டுபிடிக்க டிஸ்க் உறையின் முன்பக்கக் கீழ்மூலையைப் பார்த்தால் போதும். 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு. இ, டி, எம் என்று ஆங்கில எழுத்துப் பெட்டி இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. ஆகவே கணக்குத் திறக்க முதலே, எங்கள் கடைகளுக்கு எந்த நாட்டு டிஸ்க் கூட வருகிறது என்று விசாரித்து அந்த நாட்டைத் தெரிவு செய்யுங்கள்.

கணக்கைக் கடையில் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். போட்டாலும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாம் படிச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் செயலியில் வையுங்கள், தரப்படும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். கணக்கு பூட்டுப்பட்டால் வாங்கின பற்றுச்சீட்டு இலக்கம், கொன்சோலின் தொடர் இலக்கம் போன்றவற்றைச் சோனி கேட்கலாம். நாடு பொய், மின்னஞ்சலும் வேறு யாருடையதோ என்றால் நீங்கள் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? "ஷெயார் கணக்கில் பாதி விலைக்குக் கேம்" என்ற விளம்பரங்களும் அப்படித்தான். கணக்கின் சொந்தக்காரன் இணையத்தில் போய் எல்லாக் கருவிகளையும் நீக்கு என்று அழுத்தினால் உங்கள் கேமில் பூட்டு விழும்.

மெல்லிய பிஎஸ்5 இலும் பிஎஸ்5 ப்ரோவிலும் டிஸ்க் டிரைவ் கழற்றக்கூடியது. புதிதாகப் பூட்டினால் முதல் தடவை இன்டர்நெட்டில் பதியாமல் வேலை செய்யாது. மாடல் இலக்கத்தையும் வாசியுங்கள்: மெல்லிய டிஜிட்டல் பெட்டி (டிஸ்க் டிரைவ் இல்லாமல் வருவது) 1 டிபியோடு வந்தது, 2025 இல் ஐரோப்பாவில் இறக்கின சிஎஃப்ஐ-2116 இல் அது 825 ஜிபி. வெளியே பார்த்தால் ஒரே பெட்டி மாதிரித்தான் இருக்கும்.

பாவித்த சுவிட்ச் 2 வாங்குகிறவர்களுக்கு. களவுக் கேம் ஓட்டும் அட்டைகளைப் பாவித்த கொன்சோல்களை நின்டெண்டோ தடை செய்கிறது. அப்படித் தடைபட்ட பெட்டி வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு நின்டெண்டோ கடையைத் திறந்து பாருங்கள். 2124-4508 என்ற இலக்கம் வந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பிறகு செற்றிங்கில் கட்டுப்பாட்டுக் குச்சிகளைச் சரிசெய்யும் பக்கத்துக்குப் போய்க் குச்சியை ஓரம் வரை தள்ளி விடுங்கள். புள்ளி நடுவுக்குத் திரும்பாமல் பக்கத்தில் நின்றாலோ நடுங்கினாலோ உள்ளே கரிப்பாதை தேயத் தொடங்கிவிட்டது. சுவிட்ச் 2 இலும் தேயாத காந்த உணரி இல்லை, பழைய தேயும் முறைதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் இருக்கிற வீடுகளில் உப்புக் காற்றும் கச்சான் காலத்துப் புழுதியும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும். பாவிக்காத நேரம் துணிப் பையில் வையுங்கள்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள், எங்களுடையது 230. பிஎஸ்5 ஐ ஓய்வு நிலையில் விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தரவுத்தளம் குழம்பும். குழம்பினால் கொன்சோலை நிறுத்தி, பவர் பொத்தானை இரண்டாவது பீப் கேட்கும் வரை ஏறக்குறைய 7 செக்கன் அழுத்திப் பிடித்து, கன்ட்ரோலரை வயரில் இணைத்து, பாதுகாப்பு நிலையில் தரவுத்தளத்தை மீளக் கட்டுங்கள். உடனே எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவுக்குப் போகவேண்டாம். 650 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால் சேவ் பண்ணி நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். அதில் தொடர்ந்து விளையாடலாம் என்று நினைக்காதீர்கள்.

"கொஞ்ச நாள் பொறு, விலை விழும்" என்று மூத்தவர்கள் சொல்வது இப்போது பாதிதான் உண்மை. 2011 இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கைக் கொன்சோல் மார்ச்சில் 250 டொலருக்கு வந்து ஓகஸ்டில் 170 க்கு விழுந்தது. அந்தக் காலம் போய்விட்டது. பிஎஸ்5 டிஜிட்டல் 2020 இல் அமெரிக்காவில் 400 டொலர், 2025 ஓகஸ்டில் 500. சுவிட்ச் 1 இன் விலையும் மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் கொன்சோல் விலையும் அதே ஆண்டு அங்கே ஏறின. கொன்சோலுக்குக் காத்திருப்பது விலைக்காக இல்லை, எது பழுதாகிறது என்று மற்றவன் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக. கேமுக்குக் காத்திருப்பது இன்னும் லாபம்தான், நின்டெண்டோவின் சொந்தக் கேம்களைத் தவிர.

கேமின் பெறுமதியை மணித்தியாலத்தால் பிரிக்கிற கணக்கு எனக்குப் பிடிக்காது. 100 மணித்தியாலம் குப்பை கிளறுகிற கேம் 30 மணித்தியாலம் ஒழுங்காக ஓடுகிற கேமைவிட மலிவில்லை. எங்கள் ஊர்க் கணக்கு வேறு: வாங்கின விலையில் திருப்பி விற்ற விலையைக் கழியுங்கள். 20,000 க்கு வாங்கின டிஸ்க்கை இரண்டு மாதத்தில் 14,000 க்குக் கொடுத்தால் செலவு 6,000. தள்ளுபடியில் 8,000 க்கு இறக்கின டிஜிட்டல் கேமை யாருக்கும் விற்க ஏலாது. ஹொலோ நைட்: சில்க்சோங் 20 டொலர், கிளேர் ஒப்ஸ்கியூர் 50 டொலர். 2025 இல் ஆக்கள் அதிகம் கொண்டாடின கேம்களில் இரண்டு இவை. 80 டொலர்ச் சண்டையில் இதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கத்தி ஒன்றும் நடக்காது என்றும் சொல்லவில்லை. 2013 ஜூனில் எக்ஸ்பொக்ஸ் வண் நாளுக்கொரு தடவை இன்டர்நெட் கேட்கும், பாவித்த டிஸ்க்குக்குக் கட்டுப்பாடு என்று மைக்ரோசொஃப்ட்காரர் அறிவித்தார்கள். ஆக்கள் சோனி பக்கம் சாயத் தொடங்கியதும் ஜூன் 19 இல் அப்படியே மாற்றினார்கள். 2025 இல் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 என்ற கேமை 80 டொலர் என்று சொல்லிவிட்டு, வெளியிட முதலே 70 க்கு இறக்கினார்கள். எங்களுக்கு மிக நெருங்கியது சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமின் கதை. 2024 மே மாதம் கணினியில் விளையாடுகிறவர்களுக்கும் பிளேஸ்டேஷன் கணக்குக் கட்டாயம் என்றது சோனி. கணக்கே திறக்க முடியாத 170 க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனையும் நின்றது. மூன்றே நாளில் கட்டாயத்தைக் கைவிட்டார்கள், ஆனால் விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை. அந்த எதிர்ப்பு ஏன் வென்றது? காசு கொடுத்தவர்கள் "எங்கள் நாட்டில் இந்தக் கணக்குத் திறக்கவே முடியாது" என்ற ஒற்றை விடயத்தைப் பிடித்துக்கொண்டு, காசைத் திருப்பிக் கேட்டார்கள். "விலையைக் குறை" என்று கத்தினவர்களிடம் அப்படிப் பிடி ஒன்றும் இருக்கவில்லை, கையில் முன்பதிவும் இருந்தது.

ஆகவே தம்பி தங்கச்சிமாரே, நீலம் (பிளேஸ்டேஷன்) பெரிதா பச்சை (எக்ஸ்பொக்ஸ்) பெரிதா என்று சண்டை பிடிக்கிற நேரத்தில் பாதியை எடுத்துச் சோனியின் ஆதரவுப் பக்கத்துக்கும், அவர்கள் கேம் வெளியிடுகிற ஒவ்வொரு நாளும் அதன் அறிவிப்புக்குக் கீழேயும் எழுதுங்கள்: இலங்கையை நாட்டுப் பட்டியலில் சேர்க்கவேண்டும், அதுவரை எங்கள் நாட்டில் விற்கிற கேமுக்குக் கணக்குக் கேட்கக்கூடாது. கெட்ட வார்த்தை வேண்டாம். கேம் செய்கிற பிள்ளைகளைத் திட்டவும் வேண்டாம், இந்த முடிவு அவர்களுடையது இல்லை.

கடைக்கார அண்ணாமாரே, உங்களிடம் கேட்பது பில்லில் நாலு வரி: மாடல் இலக்கம், எந்த நாட்டுப் பெட்டி, மெனுவில் எந்த மொழிகள், பழுதானால் யார் பொறுப்பு எத்தனை மாதம். சாவி அட்டைக் கேம்களைத் தனித் தட்டில் வையுங்கள். டிஸ்க்கைத் திருப்பி எடுக்கிற விலையை முதலே சொல்லுங்கள். கடையில் வைஃபையும் ஒரு ரீவியும் வைத்து, போட்டுக் காட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு கேம் ரசிகன்