இரண்டாம் பருவ முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், அறிவியல் கண்காட்சி. மேசை தூக்கவும் பந்தல் கட்டவும் வந்து நின்ற பெற்றோருக்கு நன்றி. ஆனால் அன்று பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டையை வெட்டி, ரப்பர் பேண்ட் மாட்டி ஒரு காற்றாலை செய்திருந்தான். சற்றே கோணல்தான், ஆனால் சுற்றியது. விரலில் கோந்து காயவில்லை. பக்கத்து மேசையில் கடையில் வாங்கிய பளபளப்பான எரிமலை வந்ததும், தன் காற்றாலையைப் பைக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டான். எரிமலை கொண்டுவந்த பிள்ளையிடம் "இது எப்படிப் பொங்குது?" என்று கேட்டேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்துப் பார்த்த உளவியலாளர் எரிக் எரிக்சனைப் பற்றி ஆசிரியர் பயிற்சியில் படித்திருக்கிறோம். கல்லூரிப் பட்டம் வாங்காதவர், வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்தவர் என்பதால் அவர் சொல்வது எனக்கு நெருக்கமாகப் படும். 1950-இல் அவர் விளக்கிய பருவங்களில் நான்காவது, ஏறத்தாழ 6 வயது முதல் 12 வரை. "என்னால் செய்ய முடியும்" என்ற உழைப்பூக்கம் ஒரு பக்கம், "எனக்கு வராது" என்ற தாழ்வுணர்ச்சி மறுபக்கம். இரண்டில் எது வேரூன்றும் என்பது பெரும்பாலும் இந்த வயதில்தான். 12-க்குப் பிறகு "நான் யார்?" என்ற கேள்வி வரும்போது, இந்த வயதில் சேர்ந்த தன்னம்பிக்கைதான் கைகொடுக்கும். நீங்கள் செய்து கொடுத்தால் உங்கள் பிள்ளை அதை இழக்கிறது. தானே செய்த பிள்ளையும் வெட்கப்பட்டு நிற்கிறது.

எனவே தெளிவாகச் சொல்கிறேன். மூன்றாம் பருவத்திலிருந்து கடையில் வாங்கியதையோ பெரியவர்கள் செய்ததையோ பள்ளி ஏற்காது. மதிப்பெண்ணும் இல்லை. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. செயல்திட்டம் முழுவதும் வகுப்பறையிலேயே நடக்கும்.

உங்கள் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை முடிந்து வந்து இரவு பதினோரு மணிக்குத் தெர்மாகோல் வெட்டுவது பாசத்தால்தான். அடுத்த தலைமுறையை வளர்த்தெடுக்கும் ஆசையை எரிக்சன் நடுவயதின் இயல்பாகவே, ஏழாவது பருவமாகச் சொல்கிறார். நீங்களும் நாங்களும் அங்கேதான் இருக்கிறோம். பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், கத்தரிக்கோலை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

ஜனவரியில் பள்ளி திறக்கும் அன்று பழைய அட்டைப்பெட்டியும் நாளிதழும் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்