மனைக்கு மேலே இருக்கும் கோடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை நெருங்கும்போதெல்லாம் நீலகிரியில் மண்சரிவு அபாயமுள்ள இடங்களின் பட்டியல் தங்கள் நாளிதழில் வருகிறது. நம்ம ஊர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். அந்தச் செய்தியோடு, இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடத்தில் ஒரு துண்டையும் அச்சிடுங்கள். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், அதில்தான் இருக்கின்றன. மலையில் மனை வாங்குகிறவருக்கு வில்லங்கச் சான்று எவ்வளவு முக்கியமோ, இந்தக் கோடுகளும் அவ்வளவு முக்கியம்.

குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மூன்றும் துறையின் பழைய எண் வரிசையில் 58ஏ/15 என்ற ஒரே தாளில் அடங்கும். துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் பொதுப் பயன்பாட்டு வரைபடங்களை பிடிஎஃப் கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1:50,000 அளவையில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் இருக்கும் சமஉயரக் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்துக்கு ஒரு கோடு தடித்திருக்கும். ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்ததற்கு 100 மீட்டர். முழுத் தாளையும் ஏ4-இல் அடக்கி அச்செடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். ஸ்கேலை வைக்குமுன் தாளின் அடியில் இருக்கும் கோட்டளவையில் 1 கி.மீ. உண்மையிலேயே 2 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துகொள்ள வேண்டும்.

சரிவைக் கணக்கிட மெல்லிய கோடுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், தடித்த கோடுகளே போதும். இரண்டுக்கும் நடுவே 1 செ.மீ. இருந்தால் தரையில் 500 மீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம், அதாவது சுமார் 11 பாகைச் சரிவு. 5 மி.மீ. என்றால் 22 பாகை. 2.5 மி.மீ.க்கு நெருங்கிவிட்டால் ஏறக்குறைய 39 பாகை. அங்கே வீட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

பலரும் தடுமாறுவது பள்ளத்தாக்கையும், மலையிலிருந்து வெளியே நீண்டிருக்கும் மேடான மலைநீட்டத்தையும் பிரித்தறிவதில். இரண்டிலும் கோடுகள் V போலவே வளையும். வளைவின் கூர்முனை உயரம் கூடும் பக்கம் நோக்கினால் அது பள்ளம், தண்ணீர் இறங்கும் வழி. உயரம் குறையும் பக்கம் நோக்கினால் அது மலைநீட்டம். உருவத்தை நம்பாமல் கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும். வற்றாத ஓடை நீல நிறத்தில் இருக்கும், மழைக்கு மட்டும் ஓடுவது கறுப்பில். மனை பார்க்க வருகிறவர்கள் நீலத்தைக் கண்டு விலகுவார்கள், கறுப்பைக் கவனிப்பதில்லை. 2009 நவம்பரில் எங்கள் மாவட்டத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது; அப்படிப்பட்ட நாளில் கறுப்பு ஓடைக்கும் நீல ஓடைக்கும் வித்தியாசம் கிடையாது. ஓடையே வரையாத இடத்திலும், நான்கைந்து கோடுகள் ஒரே நேரில் உள்வளைந்திருந்தால் அது நீர் கூடும் குடைவு.

மனையை மட்டும் பார்ப்பது போதாது என்பதே எங்கள் வாதம். பென்சிலால் மனையைக் குறித்து, அங்கிருந்து கோடுகளுக்குச் செங்குத்தாக மேல்நோக்கி முகடுவரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் ஓடை இருந்தால் அது தொடங்கும் இடம்வரை போக வேண்டும். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மண்சரிவு தொடங்கியது சுமார் 1,550 மீட்டர் உயரத்தில். சேறும் பாறையும் ஓடை வழியே ஏறக்குறைய 8 கி.மீ. போயின. கீழே அந்தச் சேறு வந்து மோதிய சூரல்மலையில் நின்று காலடிச் சரிவை மட்டும் அளந்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்காது.

இன்னொன்று, பள்ளம் மலையடிவாரத்தை எட்டும் இடம். அதுவரை மேல்நோக்கிக் கூராக இருந்த கோடுகள் திடீரென விலகி, கீழ்நோக்கி விசிறிபோல் பிதுங்கினால் அது வண்டல் விசிறி. மலையில் அரிதான மட்டமான நிலம், வண்டி போகும், தண்ணீர் கிடைக்கும், விலையும் கூடுதல். ஆனால் அந்த மட்டத்தை உண்டாக்கியதே பழைய வெள்ளங்களும் சரிவுகளும் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும்தான். அதே வழியில் மறுபடியும் வரும்.

பழைய தாளில் செல்போனின் ஜிபிஎஸ் எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. அது எவரெஸ்ட் கோளவுரு எனப்படும், பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டது, ஜிபிஎஸ் வேறு கணக்கைப் பின்பற்றுகிறது; மனை நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும், ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் போய்விடும். புதிய பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இந்தச் சிக்கல் இல்லை. சமவெளி வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பள்ளிக்கரணை போன்ற தாழ்நிலத்தில் 20 மீட்டர் இடைவெளி எதையும் காட்டாது. அங்கே ஏரிக்கரைக் குறிகளையும் சதுப்புக் குறிகளையும்தான் தேட வேண்டும்.

மலையிலும் 20 மீட்டருக்குக் குறைவான ஏற்ற இறக்கம் கோடுகளுக்கு நடுவே மறைந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் பொக்லைன் வைத்து வெட்டிய 12 மீட்டர் மண்சுவர் எந்தத் தாளிலும் வராது. அதை நேரில் போய், முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும் நாளில், வெட்டின் அடியில் நீர் கசிகிறதா, மேலே விரிசல் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.