48 மணி நேரத்துக்கு அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. பைக் விபத்தில் அடிபட்ட என் தம்பி பிழைத்ததும் அதனால்தான்.

சரி, அப்புறம்? காலில் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டுமாம். படம் போட்ட காகிதம் ஒன்றைக் கொடுத்ததோடு சரி. தனியாரிடம் பிசியோதெரபிக்குப் போனால் கட்டணம், ஆட்டோ, கூட ஒரு ஆள். சம்பளம் நின்றுபோன வீட்டில் எத்தனை நாள் தாங்கும்? பாதியில் விட்டான், மூட்டு இறுகிவிட்டது.

மனசு அதைவிட மோசம். பின்னால் ஹாரன் அடித்தாலே வியர்த்துக் கொட்டுகிறது, ராத்திரி தூக்கமில்லை. "உயிர் பிழைச்சதே பெரிசு" என்று சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல அவன் வாயே திறப்பதில்லை. டாக்டரும் எக்ஸ்ரேயைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். டிஸ்சார்ஜ் செய்யும்போதே விபத்து நோயாளிகளின் பெயரை அதில் சேர்த்துவிடலாமே! 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனையும் இலவசம். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எண்ணை அச்சடிக்க என்ன பெரிய செலவாகிவிடும்? எங்களுக்கு அதைச் சொன்னதே பக்கத்து வீட்டு நர்ஸ்தான்.

– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்