நடுவைப் பார், தாயி

திருமங்கலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள தாயி,

செட்டிப்பாளையம் கார் ரேஸ் டிராக்கிலிருந்து நீ போனில் அனுப்பிய டயர் சூட்டுக் கணக்கைக் கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். முன் வலது டயர்: உள்பக்கம் 88 டிகிரி, நடு 96, வெளிப்பக்கம் 84. உள்பக்கம் சூடு கூட என்று கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, குறைக்கப் போகிறாயாம். வேண்டாம், தாயி. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்த காரில் நேராக ஓடும்போது உள் ஓரம்தான் தரையை அழுத்தும். வளைவில்தான் முழு அகலமும் பதியும். அந்த 4 டிகிரி இருக்க வேண்டியதுதான். சாய்வை எடுத்தால் வளைவில் வெளி ஓரம் வெந்துபோகும்.

நடுவைப் பார். ஓரங்களின் சராசரி 86. நடு அதைவிட 10 டிகிரி கூட. காற்று அதிகமாகி, டயர் வயிறு உப்பி நடுவில் நிற்கிறது. காற்று குறைந்திருந்தால் இரண்டு ஓரமும் சுட்டிருக்கும். நம் கடைக்கு விருதுநகர் ரோட்டு லாரிகள் வருமே, சில டயரில் நடு மழமழவென்றும் ஓரத்தில் பட்டன் அப்படியேயும் இருக்கும். சின்ன வயதில் நீயே விரலால் தடவிக் காற்று அதிகம் என்று சொல்வாய். அந்தத் தேய்மானம் தெரியப் பல மாதம் ஆகும். சூடு அதையே நாலைந்து சுற்றில் சொல்லிவிடுகிறது.

காலையில் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ வைத்தது, ஓடிவிட்டு உள்ளே வரும்போது 40 ஆகியிருக்கிறது. டயருக்குள் 5, 6 டிகிரி கூடினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ ஏறும். அதனால் ஓடி வந்த சூட்டில் இருக்கும் காற்றை வைத்தே முடிவு செய். சூட்டிலேயே 2 இறக்கிவிட்டு ஓட்டிப் பார். கேம்பரைத் தொடாதே. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒரு சந்தேகம். கொரோனாவில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரித் துப்பாக்கியால்தானே அளந்தாய்? அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். நேர்ப்பாதையில் வரும்போதே மேல்தோல் ஆறத் தொடங்கிவிடும். ஊசியை ரப்பருக்குள் இறக்கி அளக்கிற பைரோமீட்டர் வாங்கு, பணம் போட்டிருக்கிறேன். கடைசிச் சுற்றையும் வேகமாக ஓட்டிவிட்டு உடனே உள்ளே வா. ஒவ்வொரு தடவையும் அதே டயரில் தொடங்கி, அதே வரிசையில், அதே ஆழத்தில் குத்து.

முன் டயர்கள் பின்னவற்றைவிடச் சூடாக இருப்பது முன்சக்கர இழுவைக் காரில் சகஜம்தான். ஆனால் அந்த இடைவெளி ஏறிக்கொண்டே போய், வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு திரும்பவில்லை என்றால் எனக்கு எழுது. அப்போது பின்பக்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

அடுத்த தடவை நான்கு டயர் கணக்கும் அனுப்பு, தாயி. ஒன்றை மட்டும் அனுப்பாதே. அம்மா ஹெல்மெட் பட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா